ஆடிக் காற்றும் மயக்க மருந்து பம்ப்பும்

ஆசிரியருக்கு,

மயக்க மருந்தைத் தானே அளந்து செலுத்தும் டி.சி.ஐ. (இலக்கு வைத்து மருந்து செலுத்தும்) பம்ப்புகள் பற்றிய உங்கள் செய்தி, மருத்துவர் பக்கத்தில் நிற்கவே வேண்டாம் என்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. அது தவறு.

நோயாளியின் வயது, எடை போன்ற விவரங்களைக் கொடுத்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தால், பம்ப் அதற்கேற்ற வேகத்தில் மருந்தைத் தள்ளும். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை. சராசரி உடம்புக்குப் போட்ட கணக்கைத்தான் நம்புகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று வீசினால் மின்சாரம் போய்ப்போய் வரும். பேட்டரி பழையதாக இருந்தால் பம்ப்பும் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் அதே இலக்கை வைத்துப் புதிதாக ஓட்டினால், உடம்பில் மருந்தே இல்லை என்று எடுத்துக்கொண்டு முதல் டோஸை மறுபடி தள்ளும். 60 கிலோ ஆளுக்கு, பம்ப்பில் உள்ள மார்ஷ் என்ற கணக்கு முறையில், ரத்தத்தில் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் இலக்கு என்றால், அது ஏறக்குறைய 55 மி.கி. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து, 1 சதவீத மருந்தில் ஐந்தரை மி.லி. ஏற்கெனவே மயக்கத்தில் இருக்கும் முதியவருக்கு ரத்த அழுத்தம் சரிய இது போதும். அணைவதற்கு முன் ஓடிய வேகத்தைக் குறித்து வைத்திருந்து, மணிக்கு இத்தனை மி.லி. என்ற சாதாரண முறையில் தொடர்வதே பாதுகாப்பு.

2 சதவீத மருந்தை ஏற்றிவிட்டு 1 சதவீதம் என்று பதிந்தால் இரு மடங்கு போகும். சிரிஞ்ச் கம்பெனியை மாற்றிப் பதிந்தாலும், குழலின் விட்டம் வேறுபடுவதால் அளவு பிசகும். அறுவை சிகிச்சையில் போர்த்தும் பச்சைத் துணிக்கு அடியில், மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி ரத்தக் குழாயை விட்டு விலகினால் மருந்து தோலுக்கடியில் தேங்கும். பம்ப் குழாயில் அழுத்தம் பெரிதாக ஏறாததால் அலாரம் அடிக்காமலே போகலாம். நோயாளிக்கு நினைவு திரும்பும். தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்திருந்தால் விரலைக்கூட அசைக்க முடியாது. ஊசி போட்ட கை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சலைன் அதே ஊசியில் ஓடினால் சலைன் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் ஊசி அடைக்கும்போது மருந்து அந்தக் குழாயில் மேலேறிவிடும்.

மூளை அலைகளைப் பார்த்துத் தானே அளவை மாற்றும் கருவியை சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவ ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் விலகிய ஊசியைச் சரிசெய்ய அதற்கும் கை கிடையாது.

புது பம்ப் வாங்கும் எல்லையோர மருத்துவமனைகள் விலைப்பட்டியலோடு பேட்டரியையும் பார்க்கட்டும். தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

மயக்கவியல் மருத்துவர்,
கம்பம்.