நீ அன்று நடிக்கவில்லை

அன்புள்ள மச்சான்,

கிட்டத்தட்ட இரண்டு மாதமாக உன் மெசேஜ் எதற்கும் நான் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய். ஃபோன் திரையைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் கண்ணுக்குப் பின்னால் வலி எடுக்கிறது. அதனால் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் எழுதுகிறேன்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு கால்பந்து மேட்சில் கார்னர் பந்துக்கு எம்பியபோது எதிரணி டிஃபெண்டரின் முழங்கை நெற்றிப்பொட்டில் இடித்தது. மயக்கம் வரவில்லை, எழுந்தும் நின்றுவிட்டேன். ஆனால் ஸ்கோர் என்ன என்று மூன்று தடவை கேட்டேனாம். இப்போதைய கேப்டன் நல்லவன், உடனே வெளியே கூட்டிவந்துவிட்டான். நம்முடைய பழைய கேப்டனாக இருந்தால் முகத்தில் தண்ணீர் அடித்து "ஓடுடா" என்றிருப்பான்.

சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குழப்பம். ஒன்றும் இல்லையென்றால் பாத்திரம் உருளும் சத்தம் ஏன் மண்டைக்குள் இறங்குகிறது? கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் வராமல் ஏன் நிற்கிறேன்? டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான் காட்டும். எனக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது அடியால் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சி. அதில் கெடுவது மூளையின் வடிவம் இல்லை, வேலை. அடி விழுந்ததும் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு நிறைய சர்க்கரை வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் சரியாகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. இரண்டு வாரம் இருட்டறையில் படுத்தே கிடந்தேன். ஓய்வு எடு என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்! முழு ஓய்வெல்லாம் முதல் ஒன்றிரண்டு நாளுக்குத்தான், அப்புறம் மெல்ல நடக்க வேண்டும் என்று பிசியோ சொன்னபோது அழுகையே வந்தது. டிரெட்மில்லில் நடக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இதயத் துடிப்பு 142-ஐத் தொட்டபோது தலை கனத்தது. அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம்தான் என் எல்லை. இப்போது தினமும் 120-ஐ ஒட்டி இருபது நிமிடம் நடக்கிறேன். வலியைப் பத்துப் புள்ளியில் அளந்தால், அது இரண்டு புள்ளி வரை கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்கிவிட்டால், பயப்பட வேண்டாமாம். வலியில் ஒரு பங்கு கழுத்திலிருந்தே வருகிறது, அதற்குத் தனிப் பயிற்சி. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்புவேன். முதல் நாள் பத்து தடவை திருப்பியதுமே குமட்டியது. நேற்று நாற்பது!

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் கிரிக்கெட் ஆடுகையில் ஸ்லிப்பில் நின்றபோது பந்து உன் காதோரம் பட்டதே, அதன்பின் மூன்று மாதம் புத்தகத்தைத் திறந்தால் தலை வலிக்கிறது என்றாய். உனக்குத் 'தலைவலி' என்று பெயர் வைத்தது யார் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது: "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று உன் அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அந்த செமஸ்டர் உனக்குப் போனதே, அதில் எனக்கும் பங்கு உண்டு.

2019-இல் லார்ட்ஸ் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்கு இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து கழுத்தில் பட்டதே, நினைவிருக்கிறதா? திரும்பி வந்து 92 வரை ஆடினார். மறுநாள்தான் கன்கஷன் என்று தெரிந்து அவருக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். டெஸ்டில் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். அன்று ஃபோனில் நான் பேசிக்கொண்டே போனேன், நீ ஒன்றுமே சொல்லவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. வெளியே காயம் இல்லாதவனை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதை நீ பத்தொன்பது வயதிலேயே அனுபவித்துவிட்டாய், என்னால்.

மன்னித்துவிடுடா.

ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படி. நான் இரண்டாவதில் இருக்கிறேன். பந்தைத் தலையால் முட்டுவதெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான், அவசரமில்லை.

அந்த மூன்று மாதத்தை எப்படிக் கழித்தாய்? சத்தம் எப்போது பொறுக்க முடிந்தது? யார் பக்கத்தில் இருந்தார்கள்? எல்லாம் எழுது. ஃபோன் பண்ணாதே. காகிதத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

உன்,
மச்சான்