மீன்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் உயிரியல் பூங்காவில் வளரும் பார்ட்டூலா என்ற பசிபிக் தீவுகளின் சின்ன மர நத்தைகள் பிழைத்துவிட்டன. உறைபனி இரவில் அவற்றைக் குளிரிலிருந்து காப்பாற்றக் கல்லூரிப் பசுமைக்கூடத்துக்கு அவசரமாகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அன்றிரவு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொன்றாக எண்ணி முடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விடியும்வரை கூடவே நின்ற காவலாளிகள், வெந்நீர்ப் புட்டிகளோடு ஓடிவந்த தெருக்காரர்கள், உறைபனியில் வேன் ஓட்டிய நண்பர், நள்ளிரவில் பசுமைக்கூடத்தைத் திறந்துவிட்ட கல்லூரிக்காரர்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறேன். யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காதீர்கள்.

மீன்கடை அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

குளிர் ஏறாமல் நத்தைகளைக் கொண்டுபோகத் தெர்மாகோல் பெட்டிகள் தேவைப்பட்டன. அந்நேரத்தில் அவை கிடைக்கும் ஒரே இடம் மீன்கடை. அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், கடைக்கு மேலேயே வீடு. எத்தனை வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார், எதற்கு என்று பிறகுதான். நத்தைக்கு என்றதும், கொடுத்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பொறுங்கள் தங்கச்சி, இதில் உப்பு இருக்கும்."

ஒவ்வொரு பெட்டியையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினார். மூலையில் விரலை ஓட்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்று கரித்தது போலும்; மறுபடியும் கழுவினார். நேரமாகிறதே என்று எனக்குப் பதைப்பு. அவர் அசையவில்லை. ஊரில் பப்பாசிக் கன்றுகளைத் தின்ற ஆப்பிரிக்க நத்தைகளை உப்புப் போட்டே கொன்றவராம். அதனால் தெரியும் என்றார்.

அதே ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கிறோம் என்றுதான் 1977இல், தஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மொரேயா தீவில் புளோரிடாவின் ஊனுண்ணி நத்தையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பெரியதை விட்டுவிட்டு, ஒரு விரல்கணு அளவே உள்ள பார்ட்டூலாக்களைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டுகளில் மொரேயாக் காட்டில் அவை ஏறக்குறைய இல்லாமலே போயின. முன்கூட்டியே எடுத்துவந்த சிலவற்றின் வாரிசுகள்தாம் இன்று உயிரியல் பூங்கா அறைகளில் ஓட்ஸ் கூழ் தின்று வளர்பவை. தீங்கு செய்தவர்களும் நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தார்கள். பெட்டியை நாக்கில் வைத்துப் பார்க்கும் நிதானம் அவர்களில் ஒருவருக்காவது இருந்திருக்கக் கூடாதா!

2015 முதல் இந்த நத்தைகள் தாய்த்தீவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 2024இல் மொரேயாவில், பார்ட்டூலாவில் ஓர் இனமான டோஹிவியானா நத்தை, முழுதாக வளர்ந்தது, கண்ணில் பட்டது. அனுப்பும்போது ஓட்டில் வைக்கும் வண்ணப் பொட்டு அதில் இல்லை. அப்படியென்றால் காட்டிலேயே பிறந்தது! அந்தச் செய்தியை அண்ணனுக்கு அன்றிரவு சொல்ல நேரமில்லை, இப்போது சொல்கிறேன்.

பெட்டிகளை இந்த வாரமே கொண்டுவந்து தருகிறேன், அண்ணா. தீவுக்கு அனுப்பும் அடுத்த நத்தைக் கூட்டத்துக்குப் பொட்டு வைக்கும் நாளில் கடையை அரைநாள் அடைத்துவிட்டு வாருங்கள். ஒரு பொட்டாவது நீங்கள் வைக்க வேண்டும். மேலதிகாரியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். கை கழுவிவிட்டு வரச் சொல்லவும் சொன்னார். உங்களிடமா என்று நான் சிரித்துவிட்டேன்.