மலைநடைச் சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை: வேரா கொமார்கோவாவின் நினைவில்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. புதிதாகச் சில குடும்பங்கள் சேர்ந்துள்ளன. வேலை மாறி டெக்சஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் போன சிலர் விலகியிருக்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும், நான் பெயர் வாசிக்கப்போவதில்லை. குளிர்காலத்தில் பனிக்காலணி நடைக்குக் கூட்டம் குறைவு. வசந்தகால நடைகள் மழையால் அடிபட்டன.

இனி, இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். மலையேறியும் தாவரவியலாளருமான வேரா கொமார்கோவா மறைந்து இந்த ஆண்டோடு இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதையொட்டி நம் கோடைகால நடைகளை அவர் நினைவாக நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். "செக் நாட்டுக்காரருக்கு நம் தமிழ்ச் சங்கத்தில் என்ன வேலை?" என்று அப்போதே ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அவர் இங்கே கொலராடோவில் போல்டர் நகரில் வாழ்ந்தவர், நாம் ஞாயிறுதோறும் ஏறும் மலைகளை நம்மைவிட நன்றாக அறிந்தவர், நம்மைப் போலவே வேறு தேசத்திலிருந்து வந்து இங்கே வேலை தேடிக்கொண்டவர் என்பதே என் பதில்.

வேரா 1942இல் செக் நாட்டின் தென்பகுதியில் உள்ள பீசெக் என்ற ஊரில் பிறந்தார். படித்தது தாவரவியல், ஏறியது மலை. இரண்டையும் அவர் கடைசிவரை பிரித்துப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தன. அதற்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம் இந்தியன் பீக்ஸ். அதாவது நம் பிரெய்னார்ட் ஏரி, இசபெல் ஏரி, பானீ கணவாய் எல்லாம் அடங்கிய அதே மலைத்தொடர்.

ஆய்வு முறையை அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார். பிரான்–பிளாங்கே முறை என்பார்கள். மலைச்சரிவில் ஒரு சிறு துண்டு நிலத்தை அளந்து குறிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும், பாசி உட்பட, பெயர் சொல்லி எழுத வேண்டும். எந்தச் செடி எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். அப்புறம் அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு. மரங்கள் வளராத உயரத்தில், காற்று ஆளைத் தள்ளும் இடத்தில், மண்டியிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை இது. மதியம் இடி மின்னல் வருவதற்குள் கீழே இறங்கவும் வேண்டும். இந்த ஆய்வு 1979இல் நூலாக வந்தது.

உலகம் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. 1978 அக்டோபர் 15ஆம் தேதி பிற்பகலில் வேராவும் ஐரீன் மில்லரும், மிங்மா செரிங், செவாங் ரிஞ்சிங் என்ற இரு ஷெர்பாக்களோடு, நேபாளத்தில் உள்ள 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா முதல் சிகரத்தை அடைந்தார்கள். அந்தச் சிகரத்தில் பெண்கள் கால் வைத்தது அதுவே முதல் முறை. அமெரிக்கக் குழு ஒன்று அங்கே ஏறியதும் அதுவே முதல் முறை. ஆர்லீன் ப்ளம் தலைமையில் போன குழுவின் உறுப்பினர்கள், துணைக்கு வந்த ஷெர்பாக்கள் தவிர, முழுக்கப் பெண்கள். செலவுக்குப் பணம் திரட்ட, "பெண்ணின் இடம் உச்சியில்" என்ற பொருளில் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளை ஆயிரக்கணக்கில் விற்றார்கள். இரண்டு நாள் கழித்து, இரண்டாவதாக ஏறப் போன அலிசன் சாட்விக்கும் வேரா வாட்சனும் விழுந்து இறந்தார்கள். அந்த ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

இன்னொரு பொருத்தம். இந்தியன் பீக்ஸ் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதியாக அறிவிக்கும் சட்டம் கையெழுத்தானது 1978 அக்டோபர் 11. வேரா அன்னபூர்ணாவின் சரிவில் இருந்தபோது, அவர் செடி எண்ணிய மலைக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

1984 மே மாதம் இமயமலையின் சோ ஓயு சிகரத்திலும் பெண்களில் முதலாவதாக அவரே நின்றார். கூட நின்றவர் செக்கோஸ்லோவாக்கியாவிலேயே வாழ்ந்த தீனா ஷ்டெர்போவா. ஒருவர் நாட்டைவிட்டு வந்தவர், மற்றவர் அங்கேயே இருந்தவர். அந்தக் காலத்தில் இந்த இருவரும் ஒரே கயிற்றில் சேருவது சாதாரண விஷயம் அல்ல. அடுத்த ஆண்டு, சாலி, ஜெரோம் பொன்சே தம்பதியரோடு சேர்ந்து அண்டார்க்டிகச் செடிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அண்டார்க்டிகாவின் மண்ணில் இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு: ஒரு புல், ஒரு சிறு மெத்தைச் செடி. அதுவரை தெரிந்ததைவிடத் தெற்கே அவை வளரும் இடத்தை அந்தக் கட்டுரை பதிவு செய்தது. என்னைக் கேட்டால் இரண்டு சிகரங்களுக்கும் இது குறைந்ததல்ல.

பின்னாளில் சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள லெய்சின் ஊரில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். இரண்டு மகன்களை வளர்த்தார். அவர்கள் பொதுவாழ்வில் இருப்பவர்கள் அல்லர் என்பதால் அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை. 2005இல், 62 வயதில் காலமானார்.

நடைகளைப் பற்றி. இந்தியன் பீக்ஸ் காட்டுப்பகுதிக்குள் ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. எனவே பிரித்துப் பிரித்து அனுப்பினோம். பிரெய்னார்டில் வண்டி நிறுத்த இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டியிருப்பது பெரிய தலைவலி, அதைச் சமாளித்த இளைஞர் அணிக்கு நன்றி. ஒரு குழு இசபெல் ஏரியோடு திரும்பியது. மற்றொன்று பானீ கணவாய்ப் பக்கம் ஏறி, வேராவின் முறைப்படியே தரையில் கயிறு வைத்துச் சதுரம் குறித்துச் செடிகளை எண்ணிப் பார்த்தது. எதையும் பறிக்கவில்லை. உள்ளங்கை அகலமுள்ள இளஞ்சிவப்புப் பூ மெத்தை ஒன்றைக் கண்டு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சைலீன் என்ற அந்தச் செடி முதல் பூ பூக்கவே பத்தாண்டு ஆகலாம் என்று சொன்னதும், மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில் எழுந்து நடக்க ஒருவரும் தயாரில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கீழே வண்டியில் காத்திருந்ததால்தான் இறங்கினார்கள்.

ஒரு புகாரும் வந்தது. "இப்படி நடந்தால் ஒரு சிகரமும் ஏற முடியாது, உடற்பயிற்சியும் இல்லை." புகார் சொன்ன அண்ணன் சிகர நடைகளை வழிநடத்துபவர், அவர் சொல்வதில் உண்மை உண்டு. அதனால் செயற்குழுவின் பரிந்துரை இது: வரும் கோடையில் சிகர நடைகள் வழக்கம்போல நடக்கட்டும், ஜூலை மாதத்தில் மட்டும் ஒரு நடை செடி பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்படட்டும், அதில் யாரும் கடிகாரம் பார்க்கக் கூடாது. இதை இன்று வாக்கெடுப்புக்கு விடுகிறோம்.

முதலுதவிப் பைகள் இரண்டைப் புதுப்பிக்க வேண்டும். இணைச் செயலாளர் பொறுப்பு காலியாக இருக்கிறது, விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் தலைவரிடம் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்