வாரம் ஒரு சொல்: உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வாரம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு டிஜிட்டலில் நான் வரைந்த படங்களின் முதல் தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே யார் யாருடைய உழைப்பு கலந்திருக்கிறது என்பதை நாலு பேர் முன்னால் சொல்லத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் உறவுமுறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், சொல் தரும் அக்காவுக்கு. ஒரு சொல் அனுப்புவதில் என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள் நாலு சொல்லை யோசித்துப் பார்க்கட்டும். 'பூனை' என்று கொடுத்தால் ஆளுக்கொரு பூனை வந்து நிற்கும். 'சுதந்திரம்' என்றால் ஆளுக்கொரு கூண்டைத் திறந்து பறவையை விரட்டுவோம். பாரம், ஈரம், விளிம்பு, மிச்சம் என்று இரண்டுக்கும் நடுவில் சில சொற்கள் இருக்கின்றன. கையால் தொடவும் முடியும், மனதைக் கொஞ்சம் அலையவும் விடும். அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தனிக் கண் வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் சொல் அனுப்பும் வழக்கத்தை, 2003இல் பெனிலோப்பி டல்லகன் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேஷன் ஃப்ரைடே' என்ற ஓவியர்களுக்கான இணையதளத்தைப் பார்த்துத்தான் அக்கா எடுத்துக்கொண்டார். அங்கேயும் வாரத்துக்கு ஒரு சொல்தான் கொடுத்தார்கள்.

நாளுக்கொரு சொல் என்றும் ஒரு வழி உண்டு. ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் ஆரம்பித்த 'இங்க்டோபர்' என்ற வரைதல் சவாலில், அக்டோபர் மாதத்தின் 31 நாளும் நாளுக்கு ஒரு மைச்சித்திரம் போடுவார்கள். கை வேகத்துக்கு அது நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே வரைபவர்களுக்கு வாரக் கணக்குதான் சரி என்பது என் கட்சி. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றால் தலையில் முதலில் உதித்ததுதான் திரையில் விழும். ஒரு வாரம் கிடைத்தால் சொல் நம் கூடவே வரும், வரிசையில் நிற்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும்.

'பாரம்' வந்த வாரம் அப்படித்தான். முதலில் தோன்றும் மூன்றையும் எழுதி அடித்துவிடு என்பது அக்கா சொன்ன முறை. மூட்டை தூக்குபவர், பொதி சுமக்கும் கழுதை, கூனிய முதுகு என்று எழுதி மூன்றையும் அடித்தேன். நாலாவதாக எதுவும் வரவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அலமாரியை ஒழித்தபோது, புத்தகங்களை எல்லாம் இறக்கி வைத்த பிறகும் நடுவில் தொய்ந்தே கிடந்த பலகையைப் பார்த்தேன். வெறும் பலகை, அதன் கீழே ஒரு நிழல். தொகுப்பில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அக்கா, அந்த மூன்றை அடிக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு கழுதைதான் உலகத்துக்குக் கிடைத்திருக்கும்.

அடுத்து, 'நல்லாயிருக்கு' என்ற வார்த்தையே அறியாத நம் பெரியவருக்கு. ஐயா, படத்தை அனுப்பினால் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி 'எம் அமுக்கிப் பார்த்தாயா?' என்பதுதான். நான் வரையும் கிரிட்டா மென்பொருளில் அந்த விசையைத் தட்டினால் படம் மாறாமல் பார்வை மட்டும் இடவலம் திரும்பும். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்தது வெளிச்சச் சோதனை: எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை, அதாவது கண்ணாடித்தாள் போல ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கை வைத்து, அதன் பிளெண்டிங் மோடை (கீழே உள்ளதோடு கலக்கும் விதத்தை) 'கலர்' என்று மாற்றினால் படம் சாம்பல் நிறமாகிவிடும். வண்ணத்தில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். 'இத்தனை லேயர் எதுக்கு?' என்று நீங்கள் கடிந்துகொள்வதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994இல், மூன்றாம் பதிப்பில். அதற்கு முன்பிருந்தே அதில் வரைந்தவர் நீங்கள். உங்களிடம் கணக்குக் காட்டப் பயந்தே பல லேயர்களை இணைத்துவிட்டேன்.

'ஈரம்' என்ற சொல்லுக்கான நன்றி தம்பிக்கு. நனைந்த துணி ஏன் அடர்ந்த நிறமாகத் தெரிகிறது என்று கேட்டதற்கு, நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் நம் கண்ணுக்குத் திரும்பிச் சிதறும் ஒளி குறைகிறது என்று விளக்கினான். அதன் பிறகு ஈரத்தைக் காட்ட வெள்ளைப் புள்ளிகளை அள்ளித் தெளிப்பதை விட்டுவிட்டு, முதலில் நிறத்தைக் கருக்கி, அப்புறம் ஓரிரண்டு இடத்தில் மட்டும் கூர்மையான பளபளப்பு வைக்கிறேன். பௌதிகம் படித்தவன் வீட்டில் இருப்பது ஓவியருக்கு நல்லது.

பழைய பேனா டேப்லெட்டைக் கொடுத்த அண்ணனுக்கும், குடையைப் பிடித்தபடி கை வலிக்க நின்ற அம்மாவுக்கும் நன்றி. அம்மா, படத்தில் இருப்பது உங்கள் கை மட்டும்தான். முகம் வேறு ஆளுடையது, கவலை வேண்டாம்.

முகம் தெரியாதவர்களையும் விட முடியாது. கிரிட்டா 2005இல் வெளிவந்ததிலிருந்து காசில்லாமல் கிடைக்கிறது. அதன் நிரலை எழுதுபவர்களில் பலர் தன்னார்வலர்கள். ஓவியர் டேவிட் ரெவாய், கிரிட்டாவுக்காகத் தான் உருவாக்கிய பிரஷ்களை எல்லோரும் எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறார். 2014 முதல் வரைந்துவரும் 'பெப்பர் அண்ட் கேரட்' சித்திரக்கதையின் மூலக் கோப்புகளையும் திறந்து வைத்திருக்கிறார். ஒரு தேர்ந்த ஓவியரின் லேயர்களை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்ப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

கடைசியாக, அச்சகத்தில் பொறுமையாக உட்கார்ந்த அண்ணாச்சிக்கு. திரையில் மின்னும் அந்தப் பச்சைநீலம் அச்சில் கலக்கும் நாலு நிற மையில் வராது என்று முதலிலேயே சொல்லி, சோதனைத் தாள் எடுத்துக் காட்டி, மங்கினாலும் படம் கெடாத ஒரு நீலத்தைத் தேடித் தந்தார். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும் என்பதையும் அவர்தான் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒட்டிவிட்டேன்.

பிரதிகள் வந்ததும் முதல் கட்டு உங்களுக்குத்தான். தம்பி, உன் புது முகவரியை இன்னும் அனுப்பவில்லை. அக்கா, அடுத்த சுற்றுக்கான முதல் சொல்லை எப்போது அனுப்பினாலும் சரி, பேனாவுக்குப் புது முனை மாட்டியாயிற்று.

அன்புடன்,
உங்கள் தங்கை, அக்கா, மாணவி