அடுப்படிப் புகையும் நுரையீரல் புற்றுநோயும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகையிலை எதிர்ப்பு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட நுரையீரல் புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். பீடி, சிகரெட் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் என் அம்மாவைப் போன்றவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அம்மாவுக்குப் பென்னாகரம் பக்கத்தில் கிராமம். பீடியைத் தொட்டதே இல்லை. நாற்பது வருடமாக விறகடுப்புச் சமையல். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதாங்குழலால் ஊதி ஊதிக் கண் சிவந்துபோன பிறகுதான் களிக்கு உலை கொதிக்கும். இருமல் வந்தது, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. இருந்தும் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் விழுங்கியும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அப்புறம்தான் சி.டி. ஸ்கேன், சதைப் பரிசோதனை. அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய், வேறு உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நான்காம் நிலை.

நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இருப்பது சிறு செல் வகை. பெரும்பாலும் புகைப்பவர்களுக்கு வரும், வேகமாகப் பரவும். அமெரிக்கக் கணக்குப்படி அதில் ஐந்தாண்டு தாண்டுபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. மற்ற வகைகளில் இன்று உலகெங்கும் முதலிடம் அடினோகார்சினோமாவுக்கு. புகைக்காத பெண்களுக்கு அதிகம் வருவதும் இதுதான். இந்தக் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் கிழக்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், நம் நாட்டில் சுமார் நாலில் ஒருவருக்கும் இருக்கிறது. இருந்தால் மாத்திரையிலேயே நோயைப் பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில் கட்டுப்படுத்தலாம். சிறு செல் அல்லாத வகைகளில், கட்டி நுரையீரலைத் தாண்டும் முன் பிடித்துவிட்டால் அமெரிக்காவில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது பத்துப் பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அம்மா இழந்த அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றும் தாங்கவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கல் தூளில் உள்ள சிலிக்கா புற்றுநோயையும் கொண்டுவரும், டி.பி.யையும் கொண்டுவரும். அதனால் இருமினாலே டி.பி. என்று முடிவு கட்டிவிடுவது எளிது.

டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தச் சொல்லவில்லை. சளியில் கிருமி இல்லாமல், இரண்டு மாதத்திலும் தேறாவிட்டால் சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் எந்த வகை, மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். இதை உங்கள் மாவட்டப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டுகிறேன்.

அம்மாவுக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தது. மாத்திரையில் இது இரண்டாவது வருடம். வீட்டில் இப்போது கேஸ் அடுப்புதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.