நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில், முதல் தடவையாக வீட்டை விட்டுக் கல்லூரி விடுதிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மலைக்குக் கீழே இருந்து பேப்பர் பஸ்ஸில் ஏறி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். துணி துவைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. என் மகளைப் போன மாதக் கடைசியில்தான் மதுரையில் விட்டுவிட்டு வந்தேன், அதனால் ஒவ்வொரு வரியும் எனக்கே எழுதியது போல இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பிள்ளை போனில் அழுதால், வீடு எங்கேயும் போய்விடாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பெற்றவர்கள் தைரியம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதை என்னால் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். வயது 55. பத்தொன்பது வயதில் கொழுந்து எடுக்க மலையில் இறங்கினேன். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார், தோட்ட வேலை இல்லை. ஆகவே நாங்கள் இருக்கும் லயத்து வீடு என் வேலைக்குத்தான் கிடைத்தது. 58 வயதில் வேலை முடியும், வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். மகள் எடுத்திருப்பது பி.காம்., மூன்று வருடம். அவள் பட்டம் வாங்கும் வருடமும் நான் வீட்டைக் காலி செய்யும் வருடமும் ஒன்று.

விண்ணப்பம் பூர்த்தி செய்த அன்று ராத்திரி நடந்தது இது. பேர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அவளே எழுதிக்கொண்டு வந்தாள். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. "அம்மா, இதுல என்ன எழுத?" என்று கேட்டாள். இப்போதைய முகவரி என்று இன்னொரு கட்டம் இருந்தது, அதில் லயத்து நம்பரை ஏற்கெனவே எழுதியிருந்தாள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அங்கே எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, எங்களைத் தெரிந்தவர்களும் இல்லை. மூன்று தலைமுறையாக இங்கேதான் பிறப்பும் இறப்பும். கடைசியில் அதே லயத்து நம்பரை இரண்டாவது தடவையும் எழுதினாள். எழுதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

லயத்து வீட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே நீளக் கூரை, வரிசையாகக் கதவுகள். எங்கள் வீட்டில் ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் சின்னத் திண்ணை. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். பிளஸ் டூ பரீட்சைக்கு அவள் படித்ததெல்லாம் அடுக்களையில்தான், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு. பரீட்சை முடியும்வரை பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள், யாரும் கேட்டுக்கொள்ளாமலே. காலையில் மழை விட்டதும் கதவைத் திறந்தால் எதிர் மலை முழுக்கப் பச்சையாக, பாய் விரித்தது போல இருக்கும். சில நாள் கொம்பன் யானை வந்து வாழையை முறித்துப் போட்டிருக்கும். 2018-ல் நீலக்குறிஞ்சி பூத்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அடுத்து பூக்கப்போவது 2030-ல். "அப்போ நாம எங்க இருப்போம்மா?" என்று இந்த வருடம் கேட்டாள். சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்காது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அன்றைக்கு மறுநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுக்கட்டுமாம்மா? வீடு நம்மகிட்டயே இருக்கும்ல" என்றாள். எங்கள் பக்கம் இது புதிய பேச்சு இல்லை. வீட்டில் ஒருத்தர் வேலைக்குப் போனால் வீடு நிலைக்கும், அதற்காகவே படிப்பை விட்டு மலையில் இறங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மகள் வாயிலிருந்து அது வரும் என்று நினைக்கவில்லை. மூத்தவன் பத்து வருடத்துக்கு முன்பே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க, சரி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் பக்கத்திலேயே இருப்பாள், வீடும் இருக்கும். வயதான காலத்தில் எங்கே போய் வாடகைக்கு நிற்பது என்ற பயம் இருக்காது. பெற்றவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

விடிந்ததும் என் கையைப் பார்த்தேன். கொழுந்துக் கறை போகாத விரல்கள். 2015 செப்டம்பர் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாள் கூலி 230 ரூபாய்ச் சில்லறை, ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து கணக்கு. போனஸைக் குறைத்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு ரோட்டில் போய் உட்கார்ந்தோம். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பேப்பரில் எல்லாம் எழுதினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். மகளுக்கு அப்போது எட்டு வயது, ஆத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கூலி 301 ஆனது. அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் இருந்ததெல்லாம் இவள் இந்தச் சாக்கைத் தோளில் போடக் கூடாது என்பதுதான். அதை மறந்துவிட்டு, வீட்டுக்காக அவளை மலையில் இறக்குவதா?

அப்புறம் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடித் தோட்டம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். போன் தொடர்பே இல்லாததால் விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. எங்களைப் போலவே அவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தலைமுறை, கயத்தாறில் சொந்தங்கள் உள்ள குடும்பங்கள் நிறைய. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் என் மகள் புத்தகப் பையையும் ஒரு மாற்று உடுப்பையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். வீடு வீடு என்கிறோம், மழை கொட்டினால் அந்த வீட்டைப் பார்த்தே பயம் வருகிறது. இருந்தாலும் அதை விட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டும் ஒரே மனதில்தான் இருக்கிறது.

"நீ படி. வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிளம்பிய நாள். நாலு மணிக்கு எழுந்து, அவள் அப்பா ஜீப்பில் மூணாறுக்குக் கொண்டுவந்து விட்டார். அவருக்கு அன்றைக்கு வேறு ஓட்டம் இருந்தது, எங்களோடு வரவில்லை. "போய்ட்டு வா பாப்பா" என்று ஒரு வார்த்தைதான். பஸ் நகர்ந்த பிறகும் ஜீப்பை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தார். நல்ல மழை. போடிமெட்டு வரைக்கும் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு இறக்கம். காது அடைத்துத் திறந்தது. இறங்க இறங்க வெயில் ஏறியது. போடி வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, "இதை நீயே கொண்டு போம்மா, அங்க எதுக்கு" என்று என் பையில் வைத்தாள். பதினெட்டு வருடம் கழற்றாமல் போட்டது. எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலும் விடுதி வாசலிலும் நான் அழவில்லை.

கல்லூரியில் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். கேரளத்தில் பிறந்து படித்தவள் என்பதால் அவள் வேறு மாநிலத்துப் பிள்ளை என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் சாதிச் சான்றிதழ் எல்லை தாண்டினால் அங்கே சலுகைக்கு உதவாது, பொதுப் பிரிவுதான். அறையில் இருந்த பிள்ளை ஒன்று, "நீ மலையாளியா? தமிழ் நல்லா பேசுறியே" என்றது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். இடுக்கி மாவட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, 1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இங்கே இருக்கும்போது பாண்டிக்காரி, அங்கே போனால் மலையாளி. அவள் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வாரம் தூங்கவே இல்லையாம். எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது, தேவையும் இல்லை. ஃபேனுக்குக் கீழே படுத்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. "கண்ணை மூடினா நம்ம தகரத்துல மழை பெய்யற மாதிரி இருக்கும்மா. திறந்தா மழை இல்ல" என்றாள். இரண்டாவது வாரம் குரல் மாறியது. லைப்ரரி எவ்வளவு பெரிசு தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம், தெப்பக்குளத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றோம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அடுக்களையில் அந்தப் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டேன்.

போன் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். விடுதியில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழு வரைதான் போன் கொடுக்கிறார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. மேலே ரோட்டு வளைவுக்கு ஏறிப் போக வேண்டும், அது யானை நடக்கிற நேரம். மழை நாளில் அங்கேயும் கிடைக்காது. மூன்று நாள் பேசாமல் இருந்தபோது, பேப்பரில் இடுக்கிக்கு ரெட் அலர்ட் என்று படித்துவிட்டு அவள் அங்கே எப்படி இருந்திருப்பாள்? பெட்டிமுடியைப் பார்த்த பிள்ளை அது. மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் மட்டுமாவது, காலையில் ஒரு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள் என்று விடுதிக் காப்பாளர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்டிப்பு இருப்பதால்தான் நாங்களும் நம்பி விடுகிறோம்.

பெரிய வேண்டுகோள் அரசாங்கத்துக்கும் தோட்ட முதலாளிகளுக்கும். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவர்களுக்கு வீடு கொடுக்கச் சொன்னது. வேலை முடிந்த பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. பெட்டிமுடியில் தப்பியவர்களுக்குக் குட்டியார்வாலியில் எட்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எழுபது உயிர் போன பிறகு கிடைத்த வீடு. ஆனாலும் இங்கேயே இடம் பார்த்து, இங்கேயே கட்டிக் கொடுக்க முடிந்தது இல்லையா? முப்பது வருடம் கொழுந்து எடுத்தவளுக்கு, வேலை முடிவதற்கு ஒரு வருடம் முன்பே மூன்று சென்டாவது காட்டுங்கள். கட்டுவதை நாங்கள் எப்படியாவது பார்த்துக்கொள்வோம். அதுகூட இல்லை என்றால், பிள்ளையைப் படிக்க அனுப்புவதா, வீட்டைக் காப்பாற்ற வேலைக்கு அனுப்புவதா என்று ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு மே மாதமும் ஒரு தாய் ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் பக்கத்து லயத்தில் அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதப்போகும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு 57 வயது.

உங்கள் கட்டுரையை எழுதியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த தடவை எழுதும்போது, திரும்பி வர வீடு இருக்குமா என்று தெரியாமலே விடுதிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். அப்படிப்பட்ட பிள்ளை போனில் அழுதால் என்ன சொல்லித் தேற்றலாம் என்று அவருக்குத் தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். நான் இப்போதைக்கு, "தீபாவளிக்கு வா, முறுக்கு சுட்டு வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்வெட்டரைத் துவைத்து, அடுப்புச் சூட்டில் காயவைத்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தைப் போட்டால் என் பேரைப் போட வேண்டாம், இன்னும் மூன்று வருடம் இங்கே வேலை பார்க்க வேண்டும். மூணாறு என்று மட்டும் இருந்தால் போதும். மகளுடைய விடுதிக்கு உங்கள் பேப்பர் வருகிறதாம். படித்தால் யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.