மணற்காட்டுக்கு வீதி வேண்டும், அலைவாய்க்கரை வரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக் கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க, வாகனங்கள் அலைவாய்க்கரை வரை செல்லத்தக்க தார் வீதி அமைக்கவேண்டுமென்று எங்கள் பகுதியில் சிலர் பேசி வருகிறார்கள். வீதி வந்தால் ஊருக்கு வருமானம் வரும் என்ற அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடந்த ஆடி மாதம், வீதி இல்லாமலேயே பெயர் பெற்றிருக்கும் ஒரு கடற்கரையைக் கண்ணால் கண்டு வந்தேன். அதைப் பற்றி எங்கள் மக்களுக்குச் சொல்லவேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தக் கடற்கரை ஸ்கொட்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள சான்ட்வூட் குடா. கிளாஸ்கோவில் வசிக்கும் என் மகளின் குடும்பத்துடன் 400 கிலோமீற்றருக்கு மேல் காரில் சென்றோம். இன்வர்னஸ் நகரைக் கடந்த பின் மனித நடமாட்டம் குறைந்துகொண்டே போகிறது. கடைசிப் பகுதியில் வீதி ஒரேயொரு வாகனத்துக்கு மட்டுமே போதுமானது; எதிரே வருபவருக்கு வழிவிட ஆங்காங்கே சிறு ஒதுக்கிடங்கள் உண்டு. கின்லொக்பேர்வி என்னும் மீன்பிடித் துறைமுக ஊரில் இரவு தங்கி, மறுநாள் காலை பிளேர்மோர் என்ற சிற்றூரை அடைந்தோம். அங்கே ஒரு வாகனத் தரிப்பிடமும் கழிப்பறையும் இருக்கின்றன. குடாவுக்குப் போகின்றவர்கள் எவராக இருந்தாலும் அங்கே இறங்கிவிடவேண்டும். மீதி 4 மைல், அதாவது ஏறத்தாழ ஆறரைக் கிலோமீற்றர், நடைதான்.

தரிப்பிடத்தில் இருந்த பெயர்ப்பலகையை வாசித்த என் பேரன், "அம்மம்மா, சான்ட் எண்டால் மணல், வூட் எண்டால் காடு. அப்ப இது எங்கட மணற்காடு தானே?" என்று கேட்டான். பழைய நோர்வே மக்களின் மொழியில் 'மணல் நீர்' என்று வழங்கிய சொல்லே காலப்போக்கில் அவ்வாறு திரிந்தது என்பர் என்று அவனுக்கு விளக்கினேன். எனினும் அவன் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குப் பிறகு நடந்த வழியெல்லாம் இந்த மணற்காட்டைப் பார்த்தபடி எங்கள் மணற்காட்டையே நினைத்துக்கொண்டு போனேன்.

வழியில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இருபுறமும் கரிய சதுப்பு நிலமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு ஏரிகளும். மக்கிய தாவரங்களின் ஊடாக ஊறி வருவதால் ஓடைத் தண்ணீர் பிளேன்ரீயின் நிறத்தில் இருக்கிறது. என் முழங்கால் வலியோடு இரண்டரை மணி நேரம் நடந்த பின், ஒரு சரிவில் திரும்பியதும் குடா முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. ஒன்றரை மைல் நீளமான மெல்லிய செந்நிற மணல். அதன் பின்னால் புல் மூடிய மணல் மேடுகள். மேடுகளுக்குப் பின்னால் நன்னீர் ஏரி. ஏரியிலிருந்து மணலைக் கிழித்துக்கொண்டு கடலுக்கு ஓடும் ஓர் ஆறு. தெற்கு முனையில் 65 மீற்றர் அளவு உயரமான ஒற்றைப் பாறைத்தூண் கடலிலிருந்து நிமிர்ந்து நிற்கிறது. கேலிக் மொழியில் அதன் பெயருக்கு 'மேய்ப்பன்' என்று பொருளாம். ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்கல் அது. முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்த எனக்கு அதன் முன்னால் நின்றபோது பேச வார்த்தை வரவில்லை.

அன்று அந்த நீண்ட கரையில் எங்களையும் சேர்த்து 14 பேரே இருந்தோம். கடையில்லை, ஒலிபெருக்கியில்லை, சக்கரத் தடமுமில்லை. வயதான பெண்ணொருவர் அலை ஒதுக்கிய நைலோன் கயிற்றுத் துண்டுகளை ஒரு பையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வேலையா என்று மகளிடம் கேட்டேன். இல்லை, நடக்க வந்தவர்தான், திரும்பும்போது தூக்கிக்கொண்டு போவார் என்றாள். அந்தப் பையோடும் அவர் நாலு மைல் நடக்கவேண்டும்.

மணல் மேடுகளில் வளர்ந்திருப்பது 'மாரம்' (marram) என்று அங்கே அழைக்கப்படும் ஒருவகைக் கடற்கரைப் புல். அதன் ஓர் இலையை எடுத்துப் பார்த்தேன். ஈரம் ஆவியாகிப் போகாதபடி ஓலைப்பாய் சுருட்டியதைப்போல் உள்நோக்கிச் சுருண்டிருந்தது. காற்று அதன்மேல் மணலைக் குவித்தால் அது மடிவதில்லை, குவிந்த மணலுக்கு மேலே மீண்டும் துளிர்க்கிறது. அதன் நிலத்தடித் தண்டுகள் வலைபோலப் பின்னி மணலை இறுக்கிப் பிடிக்கின்றன. எங்கள் கரையில் இந்த வேலையை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் செய்கின்றன. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லிப் பழகிய நாங்கள், அது திரண்டு எதைக் காக்கிறது என்பதைக் கரையில் போய்ப் பார்ப்பதில்லை. பங்குனி மாதம் மணற்காட்டில் நான் கண்ட காட்சி இது: கனரக வாகனம் ஒன்று மேட்டின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது. வெட்டுவாயில் ஒரு சாண் நீளத்துக்கு அடம்பன் வேர்கள் நூல் நூலாகத் தொங்கின. அவற்றின் நடுவே, காற்று அடிக்காத நேரத்திலும், மணல் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே இருந்தது. மணல் மேடு ஒன்றில் இப்படியொரு புண் விழுந்தால் அடுத்த சோளகக்காற்றே அதைப் பெரிதாக்கிவிடும்.

சான்ட்வூட் குடா ஒதுக்குப்புறத்தில் இருப்பதால் தானாகவே காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று நினைப்பது தவறு. ஸ்கொட்லாந்தில் 1838 இல் பிறந்து, அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்காகப் போராடிய ஜோன் மியூரின் பெயரால் இயங்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1993 இல் இக்குடாவையும் அதைச் சூழ்ந்த 11,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் விலைக்கு வாங்கியது. அதற்காக அங்கு வாழ்ந்த சிறுகாணிக் குடியானவர்களை யாரும் வெளியேற்றவில்லை. அவர்களுடைய செம்மறிகள் இன்றும் அந்த நிலத்தில் மேய்கின்றன. நடைபாதை பழுதாகும்போது தொண்டர்களின் உழைப்பும் சேர்ந்து கல் பதித்துத் திருத்தப்படுகிறது. இவற்றுக்கு மேலாக அந்நாட்டின் 2003 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் குறிப்பிடவேண்டும். பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் நாட்டின் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் நடந்து திரியும் உரிமையை அச்சட்டம் கொடுக்கிறது. மோட்டார் வாகனத்துக்கு அந்த உரிமை கிடையாது. கரையை யாருக்கும் அடைக்காமல் கரையைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதை இந்த ஏற்பாட்டிலிருந்தே நான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் மணல் மேடுகள் வெறும் அழகுக்காக நிற்பவை அல்ல. மழைநீரை உறிஞ்சி, உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதக்க வைத்திருப்பவை அவையே. கரையோரத்தில் ஒரு பூவல் தோண்டினால் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறுவது அதனால்தான். 2004 மார்கழி 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கில் எத்தனை வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அன்று தென்னிலங்கையின் யால கரையில், காட்சிக்காக மணல் மேட்டை அகற்றியிருந்த இடத்தின் ஊடாகவே அலை உக்கிரமாக உள்ளே பாய்ந்தது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மேட்டைக் குடைந்து கடல்வரை வெட்டப்படும் வீதியும் அப்படியொரு வாசலாகவே அமையும். பிடிமானம் இழந்த மணல் என்ன செய்யும் என்பதற்கும் நாங்கள் தூரத்துக்குப் போய்ச் சான்று தேடவேண்டியதில்லை. மணலுக்குள் புதைந்து, சுவர்கள் மட்டும் வெளியே தெரிகின்ற பழைய அந்தோனியார் கோவில் எங்கள் மணற்காட்டிலேயே இருக்கிறது. எங்கள் முன்னோர் சவுக்கு மரங்களை அங்கே நட்டது நிழலுக்காக மட்டுமல்ல.

கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இலேயே இந்நாட்டில் நிறைவேறிவிட்டது. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அனுமதியின்றி மணல் அள்ளவோ கட்டடம் எழுப்பவோ முடியாது. சட்டம் இருந்தும் இரவில் உழவு இயந்திரங்களின் சத்தம் கேட்கிறதென்றால், அவற்றுக்கு உள்ளே போக ஒரு வழி இருக்கிறது என்பதே காரணம். சுற்றுலாக் கார் போகும் வீதியில் மணல் ஏற்றும் டிப்பரும் போகும். எனக்குள்ள மிகப்பெரிய அச்சம் இதுதான்.

எங்கள் வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு மறுமொழி கூறவேண்டும். நான் ஆறரைக் கிலோமீற்றர் நடக்கும்படி கேட்கவில்லை. சவுக்கங்காட்டின் உட்புறத்தில், ஊர்ப்பக்கமாக வாகனங்களை நிறுத்தினால் கரைக்கு மிஞ்சிப்போனால் சில நூறு மீற்றர். அதிலும் ஒரு பகுதி நிழல். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்கு முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் கால் புதையப் புதைய மணலில் நடந்து போவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மணலில் நடந்து கடலைக் காண்பது எங்களுக்குப் புதிய பழக்கமன்று. நடக்க முடியாதவர்களுக்காகப் பலகை பதித்த ஒற்றைப் பாதை ஒன்றைச் சாய்வாக அமைக்கலாம். கரைவலைக்காரரும் படகுக்காரரும் வாடிக்குப் போகவும் மீன் ஏற்றவும் இப்போது பயன்படுத்தும் தடம் அவர்களுக்கு உரியது. அதில் எவரும் கைவைக்கக்கூடாது.

தரிப்பிடத்தை ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடமே ஒப்படைக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். தரிப்புக் கட்டணம் சங்கத்துக்குச் சேரட்டும். மாதர் சங்கத்தினர் அங்கேயே கூழும் பொரித்த மீனும் விற்கட்டும். வீதி அலைவாய்க்கரை வரை போனால், காரில் வந்து, கொண்டுவந்ததைக் கரையில் இருந்து சாப்பிட்டு, போத்தலை மணலில் விட்டுவிட்டு, ஊருக்குள் ஒரு சதமும் செலவழிக்காமல் திரும்பிவிடுவார்கள். ஊர் ஓரத்தில் இறங்கி நடப்பவர் ஊரைப் பார்ப்பார், ஊராரோடு பேசுவார், தாகத்துக்கு இளநீரேனும் வாங்கிக் குடிப்பார். பிளேர்மோருக்கு வருகின்றவர்கள் முதல்நாளே பக்கத்து ஊரில் அறை எடுத்துத் தங்குவதும் நடக்கவேண்டியிருப்பதால்தான். நாங்களும் அப்படியே தங்கினோம்.

மாரி மழை தொடங்கும் முன், பங்குனியில் நான் கண்ட அந்தத் தடத்தின் வாயிலில் நான்கு கற்தூண்களை நட்டு வாகனங்களைத் தடுக்குமாறு பிரதேச சபையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மழை ஈரத்தில் அடம்பன் தானாகவே படர்ந்துவிடும். தூண்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து தருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பருத்தித்துறை.